10 ஏக்கர், 600 டாலர்: ஜார்ஜும் லென்னியும் போட்ட கணக்கு

கேள்வி இதுதான்: ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலில் ஜார்ஜ், லென்னி, கேண்டி, குரூக்ஸ், பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி என்று எல்லோருக்கும் ஒரு கனவு இருக்கிறது. அதை அடைய அவர்கள் உண்மையிலேயே ஏதாவது செய்கிறார்களா, வெறும் பேச்சுதானா? எப்படியும் நடக்காத கனவு என்றுதானே கதை சொல்கிறது?

கையேடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், “அது கானல் நீர், ஏழைக்கு அமெரிக்கக் கனவு எட்டாது” என்பது. நாவலில் வரும் தொகைகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், அந்தப் பதில் நிற்காது. ஸ்டைன்பெக் கனவைக் கைக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் உடைக்கிறார். அந்தக் கணக்கைப் பார்க்காமல் இந்த நாவலைப் படித்தால் பாதிதான் படித்ததாக ஆகும்.

இடமும் காலமும் முதலில். நாவல் வந்தது 1937-இல். கதை நடப்பது கலிஃபோர்னியாவில், சோலடாட் ஊருக்குத் தெற்கே சில மைல் தள்ளி, சாலினாஸ் ஆற்றை ஒட்டிய ஒரு பார்லிப் பண்ணையில். ஸ்டைன்பெக் 1902-இல் பிறந்ததே சாலினாஸ் ஊரில். இளவயதில் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கூலி வேலை பார்த்தவர். அதனால்தான் கூலியாட்கள் தங்கும் கொட்டகையை விவரிக்கும்போது, ஒவ்வொரு படுக்கைக்கும் மேலே ஒரு ஆப்பிள் பெட்டியைச் சுவரில் ஆணியடித்து அலமாரியாக்கியிருப்பது வரை சொல்கிறார். ஒரு மனிதனின் மொத்தச் சொத்தும் அந்த இரண்டு தட்டுக்குள் அடங்கிவிட வேண்டும். கதை முழுவதும் வியாழக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலை முடிந்துவிடுகிறது.

ஜார்ஜ் மில்டன் சின்ன உடம்புக்காரன், சூட்டிகையானவன். லென்னி ஸ்மால் ஆள் மலைபோல, மனது குழந்தைபோல. மெத்தென்று இருக்கும் எதையும் தடவிப் பார்க்க வேண்டும் அவனுக்கு. வடக்கே வீட் என்ற ஊரில் ஒரு பெண்ணின் கவுனை அப்படித் தொட்டவன், அவள் கத்தியதும் பயத்தில் விட மறந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஊரே துரத்த, இருவரும் பாசன வாய்க்காலில் ஒளிந்து தப்பி வந்திருக்கிறார்கள்.

இனி கணக்கு. அவர்கள் வாங்க நினைக்கும் இடம் 10 ஏக்கர். விலை 600 டாலர். இது ஜார்ஜ் வானத்தைப் பார்த்துச் சொன்ன விலை இல்லை. உடைமைக்காரர்கள் வயதான தம்பதி, கையில் காசில்லை, அந்தம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் மலிவாகத் தருவார்கள். இவர்கள் கையில் இருப்பது இரண்டு பேருக்கும் சேர்த்து 10 டாலர். பண்ணைக் கூலி ஆளுக்கு மாதம் 50 டாலர், சாப்பாடும் படுக்கையும் பண்ணையில். வியாழன் இரவு வரை இது வெறும் பேச்சுதான். ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி, டப்பா பீன்ஸைச் சூடுபண்ணித் தின்றுவிட்டு, லென்னி கேட்கக் கேட்க ஜார்ஜ் சொல்லும் தாலாட்டு மாதிரி.

வெள்ளி இரவு அது திட்டமாக மாறுகிறது. கொட்டகையில் ஜார்ஜ் லென்னிக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை, கூட்டிப் பெருக்கும் கிழவர் கேண்டி படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். இதே பண்ணையில் வலது கையை இழந்தவர். அதற்கு ஈடாகக் கிடைத்தது 250 டாலர். வங்கியில் இன்னும் 50 இருக்கிறது. மாதக் கடைசியில் வரவேண்டிய கூலி 50. ஆக 350. அதை முழுதாகத் தருகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். சமைப்பேன், கோழி பார்ப்பேன், தோட்டம் கொத்துவேன் என்கிறார். எனக்குச் சொந்தபந்தம் கிடையாது, என் பங்கை உங்கள் பேரில் உயில் எழுதிவைக்கிறேன் என்றுகூடச் சொல்கிறார்.

ஜார்ஜ் அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போடுகிறான். கேண்டியின் 350. அவனும் லென்னியும் ஒரு மாதம் ஒரு காசு செலவழிக்காமல் உழைத்தால் 100. மொத்தம் 450. மீதி 150-க்கும் வழி சொல்கிறான்: லென்னியும் கேண்டியும் போய் இடத்தை நடத்தத் தொடங்கட்டும், நான் வெளியே வேலை பார்த்து அடைக்கிறேன், முட்டை விற்றும் கொஞ்சம் வரும். ஒரு ஆளின் மூன்று மாதக் கூலி அது. வயதானவர்களுக்குக் கடிதம் எழுதி, கேண்டியின் பணத்திலிருந்து 100 டாலர் அச்சாரமாக அனுப்பிவிடலாம் என்பது வரை பேசி முடிக்கிறார்கள். அதற்கு முன்பு, மனக்கணக்கு முடிந்த கணத்தில், மூவரும் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். வருடக்கணக்காகச் சொல்லிவந்த கதை நடந்துவிடும்போல இருக்கிறதே என்று சொன்னவனுக்கே திகைப்பு. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த மௌனம்.

கனவுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் உற்றுப் பார்க்க வேண்டும். மாணவர்கள் பலரும் ‘நிலம், முயல்’ என்று இரண்டே வார்த்தையில் தாண்டிவிடுகிறார்கள். ஜார்ஜ் சொல்வது ஒரு விவசாயியின் பட்டியல். சின்னக் காற்றாலை, வீடு, சமையலறை, கோழிப் பட்டி. செர்ரி, ஆப்பிள், பீச், ஆப்ரிகாட், கொட்டை மரங்கள் உள்ள தோட்டம். குதிரை மசால் போட ஒரு துண்டு நிலம், அதற்குப் பாய்ச்சத் தாராளமாகத் தண்ணீர். பன்றி வளர்த்து, தாத்தா வைத்திருந்ததுபோல் புகையறை கட்டி இறைச்சியைப் பதப்படுத்துவது. ஆற்றில் சால்மன் ஏறி வரும் காலத்தில் நூறு மீன் பிடித்து உப்புப் போட்டோ புகை போட்டோ வைத்துக்கொள்வது. லென்னியின் முயல்களுக்குத் தீவனம் அந்தக் குதிரை மசால்தான். ஆகவே முயல் என்பது அவன் மனதில் மட்டும் ஓடும் பொம்மையில்லை, பண்ணைத் திட்டத்தில் அதற்கென்று ஒரு பாத்தி ஒதுக்கியாகிவிட்டது.

உழைப்பைப் பற்றியும் ஜார்ஜ் பொய் சொல்வதில்லை. சும்மா உட்கார்ந்து தின்னலாம் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரம் வேலை இருக்கும், 11 மணி நேரம் பார்லி மூட்டை தூக்க வேண்டியதில்லை என்கிறான். விதைத்ததை நாமே அறுப்போம் என்பதுதான் அவன் அழுத்திச் சொல்வது. இன்னொருவன் அறுவடைக்கு மூட்டை தூக்கிவிட்டு அடுத்த பண்ணைக்கு நடப்பவனுக்கு அதைவிடப் பெரிய கனவு வேறு என்ன இருக்க முடியும்? 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், நிலத்தில் குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் கொடுத்தது. அதே கனவு 1930-களில் கூலியாளின் வாயில் 10 ஏக்கராகச் சுருங்கியிருக்கிறது, அதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கணக்கில் ஓட்டைகளே இல்லையா என்றால், இருக்கின்றன. பன்றி, பசு, கலப்பை, விதை எதற்கும் ஜார்ஜ் பணம் ஒதுக்கவில்லை. முதல் வருடம் மழை பொய்த்தால் என்ன செய்வது என்பதும் இல்லை. ஆனால் நாவல் கனவை இந்த ஓட்டைகளால் கவிழ்க்கவில்லை.

உண்மையில் அந்தத் திட்டத்துக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: அசம்பாவிதம் இல்லாத ஒரு மாதம். ஜார்ஜ் அதை நன்றாக உணர்ந்திருக்கிறான். அவன் போடும் முதல் விதி, யாரிடமும் சொல்லக்கூடாது என்பது. தெரிந்தால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள், கையில் முதல் சேராது. இரண்டாவது, செலவு கூடாது. சனிக்கிழமை இரவு மற்றவர்கள் சோலடாடில் சூசி என்பவள் நடத்தும் விடுதிக்குப் போவார்கள், அங்கே ஒரு தடவைக்கு இரண்டரை டாலர். மாதம் 50 டாலர் வாங்குபவனின் ஒரு நாள் கூலியைவிட அது அதிகம். ஜார்ஜ், வேண்டுமானால் கூட வந்து ஒரு மிடறு குடிப்பேன், இரண்டரை டாலர் தரமாட்டேன் என்கிறான். கனவைத் துரத்துவது என்பதை நாவல் இந்த அளவில்தான் காட்டுகிறது: சனிக்கிழமை இரவில் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்காத இரண்டரை டாலர்.

மற்றவர்கள் அந்த ஒரு மாதத்தை ஏன் தாண்டுவதில்லை என்பதைக் குரூக்ஸ் சொல்கிறார். குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பர். குதிரை உதைத்து முதுகு கோணிப்போனவர். மற்றவர்களோடு தங்க அனுமதியில்லாமல், சேணங்கள் தொங்கும் தனி அறையில் இருக்கிறார். அங்கே 1905-ஆம் வருடத்து கலிஃபோர்னியா உரிமையியல் சட்டப் புத்தகம், கிழிந்துபோய். தன் உரிமை என்னவென்று தானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தவரின் புத்தகம் அது. தோளில் மூட்டையும் தலையில் துண்டு நிலமுமாக நூற்றுக்கணக்கானவர்கள் வருவதைப் பார்த்திருக்கிறேன், ஒருவனுக்கும் நிலம் கிடைத்ததில்லை என்கிறார். அப்படிச் சொன்னவரே, கேண்டி வந்து பணம் வங்கியில் இருக்கிறது என்றதும் மெல்ல இளகி, சம்பளம் வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும், நானும் வந்து வேலை செய்கிறேன் என்று கேட்கிறார். அவருடைய அப்பாவுக்கும் ஒரு காலத்தில் 10 ஏக்கர் கோழிப்பண்ணை இருந்தது. அதே 10 ஏக்கர் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு அது இழந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது.

அந்த ஆசை சில நிமிடங்கள்தான் உயிரோடு இருக்கிறது. கர்லியின் மனைவி உள்ளே வருகிறாள். குரூக்ஸ் அவளை வெளியே போகச் சொல்ல, நினைத்தால் உன்னை மரத்தில் தொங்கவிடச் செய்ய முடியும் என்கிறாள். அவள் சொன்னால் நடக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் தன்னையே ஒன்றுமில்லாதவராகச் சுருக்கிக்கொள்கிறார். பிறகு கேண்டியைக் கூப்பிட்டு, நான் சொன்னதை மறந்துவிடு, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார். இவரது கனவு பணத்தால் உடையவில்லை, ஒரே ஒரு வாக்கியத்தால் உடைந்தது.

கேண்டி ஏன் அவ்வளவு அவசரமாக முழுத் தொகையையும் நீட்டுகிறார் என்பதற்கும் காரணம் அதே இரவில் இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவருடைய கிழட்டு நாயை, நாற்றமடிக்கிறது, யாருக்கும் பிரயோஜனமில்லை என்று சக கூலியாள் கார்ல்சன் வெளியே கூட்டிப்போய்ச் சுட்டான். பெருக்க முடியாத நாள் வந்தால் தன்னையும் அனுப்பிவிடுவார்கள், கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் ஏழை நிவாரணத்தில்தான் விழ வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இது கிழவரின் வீண் பயமில்லை. 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தபோது பண்ணைக் கூலிகளைச் சேர்க்கவில்லை. கேண்டிக்கு அந்த 10 ஏக்கர்தான் ஓய்வூதியம்.

கர்லியின் மனைவிக்கு நாவல் பெயர்கூடத் தரவில்லை. அவள் கனவைத் துரத்தும் முறை காத்திருப்பது. சினிமாவில் சேர்த்துவிடுகிறேன், கடிதம் போடுகிறேன் என்றான் ஒருவன். கடிதம் வரவில்லை. அம்மாதான் எடுத்து ஒளித்துவிட்டாள் என்று இன்றுவரை நம்புகிறாள். அந்தக் கோபத்தில் கர்லியைக் கட்டிக்கொண்டாள். ஜார்ஜின் திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இவளிடம் தொகையும் இல்லை, தேதியும் இல்லை, கூட்டாளியும் இல்லை. கானல் நீர் என்ற சொல் இந்த நாவலில் யாருக்காவது பொருந்துமென்றால் இவளுக்குத்தான். அதற்காக இவள் மேல் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை, அந்தப் பண்ணையில் அவளோடு பேசக்கூட ஆள் கிடையாது.

இப்போது, எது தவறிப்போனது? இங்கேதான் ஸ்டைன்பெக்கின் கட்டுமானம் எவ்வளவு கொடுமையானது என்று புரியும். வெள்ளி இரவு கணக்கு முடிந்த சில நிமிடங்களில் முதலாளியின் மகன் கர்லி எரிச்சலோடு உள்ளே வருகிறான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். லென்னி அதில் சேரவில்லை. அவன் மனம் இன்னும் அந்தப் பண்ணையிலேயே இருக்கிறது, அந்த நினைப்பில் முகத்தில் சிரிப்பு. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைத்து கர்லி முகத்தில் குத்துகிறான். ரத்தம் வழிய லென்னி கையைத் தொங்கப் போட்டு நிற்கிறான், ஜார்ஜ் சொன்ன பிறகுதான் திருப்பிப் பிடிக்கிறான். கர்லியின் கை எலும்பெல்லாம் நொறுங்கிவிடுகிறது. எந்திரத்தில் கை மாட்டியது என்று சொல்லும்படி, பண்ணையாட்கள் எல்லோரும் மதிக்கும் ஸ்லிம் கர்லியைச் சம்மதிக்க வைத்ததால்தான் வேலை தப்புகிறது. ஆக, முதல் ஆபத்தை வரவழைத்தது கனவு தந்த சிரிப்பு.

இரண்டாவதும் அப்படித்தான். ஞாயிறு மதியம், வைக்கோல் கொட்டகை. லென்னி தடவிக்கொண்டிருந்த நாய்க்குட்டி அவன் கையாலேயே செத்துக்கிடக்கிறது. அவனுடைய முதல் கவலை குட்டியைப் பற்றியதல்ல, ஜார்ஜுக்குத் தெரிந்தால் முயல் வளர்க்க விடமாட்டானே என்பது. கர்லியின் மனைவி வந்து உட்காருகிறாள். அவள் சினிமாவைப் பற்றிப் பேசுகிறாள், அவன் முயலைப் பற்றிப் பேசுகிறான், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழவேயில்லை. தன் கூந்தலைத் தடவிப் பார்க்கச் சொல்கிறாள். அவன் அழுத்தித் தடவ, அவள் விடு என்று கத்த, வீட் ஊரில் நடந்ததுபோலவே அவன் இறுக்கிப் பிடிக்கிறான். வாயைப் பொத்துகிறான். கத்தாதே, ஜார்ஜ் கோபப்படுவான், முயல் பார்த்துக்கொள்ள விடமாட்டான் என்று கெஞ்சியபடியேதான் உலுக்குகிறான். கழுத்து முறிகிறது. முயலைக் காப்பாற்றப் போய்த்தான் முயல் போனது. திட்டம் பிறந்து இரண்டு நாள்கூட முடியவில்லை.

‘எலிகளையும் மனிதர்களையும் பற்றி’ என்று பொருள்படும் நாவலின் தலைப்பு ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் எழுதிய கவிதையிலிருந்து வருகிறது. குளிர்காலத்துக்கென்று எலி கட்டிவைத்த கூட்டை ஏர் கலைத்துவிடுகிறது, உழுதவன் எலியிடம் வருந்திப் பேசுகிறான். அந்த எலி மோசமாகத் திட்டமிட்டது என்று கவிதையில் எங்கேயும் இல்லை.

இனி கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். பிணத்தைப் பார்த்த பிறகு கேண்டி கேட்பது, நாம் இரண்டு பேரும் அந்த இடத்தை வாங்கலாம்தானே, ஜார்ஜ் என்று. நியாயமான கேள்வி. அவரது பணத்தில் ஒரு காசும் குறையவில்லை. வயதான தம்பதி இன்னும் விற்கத்தான் இருக்கிறார்கள். லென்னியின் ஒரு மாதக் கூலி போனால் குறைவது 50 டாலர், ஜார்ஜ் இன்னொரு மாதம் உழைத்தால் அது சரியாகிவிடும். ஜார்ஜ் பதில் சொல்வதற்கு முன்பே கேண்டியின் தலை குனிந்துவிடுகிறது. மாதக் கூலி 50 டாலரை வாங்கிக்கொண்டு ஏதாவது விடுதியில் இரவைக் கழிப்பேன், திரும்பி வந்து இன்னொரு மாதம் உழைத்து இன்னொரு 50 டாலர் வாங்குவேன் என்கிறான் ஜார்ஜ். முதல் இரவில் ஆற்றங்கரையில், லென்னி இல்லையென்றால் எவ்வளவு சுகமாக இருப்பேன் என்று கோபத்தில் அவன் போட்ட பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான். அன்றைக்கு ஆசையாகச் சொன்னது இன்றைக்குத் தண்டனையாகக் கிடைக்கிறது.

அப்படியென்றால் அந்த 600 டாலர் கணக்கில் லென்னியின் பங்கு 50 டாலர் கூலி மட்டுமல்ல. அவன் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் ஜார்ஜ் சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லச் சொல்லத்தான் தானும் நம்பத் தொடங்கினான். அவன் அதைக் கேண்டியிடம் ஒப்புக்கொள்ளவும் செய்கிறான்: நடக்காது என்று எனக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கும், அவனுக்குக் கேட்கப் பிடிக்கும் என்பதால் நடந்தாலும் நடக்கும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன் என்று. அந்தப் பேச்சை ஆதாரமாக வைத்துத்தான் ‘பார், அது வெறும் மாயை’ என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் படிக்கமாட்டேன். நண்பன் செய்ததைப் பார்த்துவிட்டு, அடுத்துத் தான் என்ன செய்யவேண்டியிருக்கும் என்று தெரிந்து நிற்பவன் சொல்லும் வார்த்தை அது. வெள்ளி இரவு அச்சாரத் தொகையைக்கூட முடிவு செய்த ஜார்ஜையும் அதே அளவு நம்ப வேண்டும்.

தேர்வுக்காக எழுதுபவர்களுக்கு ஒன்று. கனவு நான்கு இடங்களில் சொல்லப்படுகிறது: வியாழன் இரவு ஆற்றங்கரை, வெள்ளி இரவு கொட்டகை, சனி இரவு குரூக்ஸின் அறை, ஞாயிறு மாலை மறுபடியும் அதே ஆற்றங்கரை. ஒவ்வொன்றிலும் யார் சொல்கிறார், யார் கேட்கிறார், பணத்தின் பேச்சு வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதிலும் கடைசியிலும் தொகையே வராது, பணம் இருக்கிறது என்ற பேச்சு நடுவில் உள்ள இரண்டில்தான் வரும். கடைசியில் ஜார்ஜ் லென்னியைத் திரும்பி ஆற்றுக்கு அப்பால் பார்க்கச் சொல்கிறான். பசு, கோழி, குதிரை மசால் என்று சொல்லிக்கொண்டே போகிறான். இப்போதே போகலாமா என்று லென்னி கேட்கிறான். ஜார்ஜின் கையில் இருப்பது கேண்டியின் நாயைச் சுட்ட அதே கார்ல்சனின் துப்பாக்கி.

பண்ணையில் எல்லோரும் லென்னியைத் தேடிக் கிளம்பிவிட்ட பிறகு, 350 டாலருக்குச் சொந்தக்காரரான கேண்டி மட்டும் பிணத்துக்குக் காவலாக வைக்கோலில் படுத்து, கண்களைக் கையால் மூடிக்கொள்கிறார்.